எல்லாப் பூச்சிக்கும் ஒரே மாத்திரை போதாதா, டாக்டர்?

கேள்வி: எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கடற்கரை. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ராத்திரியில் மறுபடி பின்பக்கம் சொறிகிறாள். வீட்டுக்காரருக்குச் சீதபேதி வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டதும் நின்றது, இப்போது திரும்ப வந்திருக்கிறது. அவருக்கே போன வருடக் கடைசியில் மலேரியா. சுகாதார நிலையத்தில் 14 நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். நாலு நாள் சாப்பிட்டார், காய்ச்சல் விட்டதும் படகேறிவிட்டார். போன வாரம் மறுபடி குளிர்காய்ச்சல். மாமனார், ஆட்டுக்கு ஊற்றுகிற பூச்சி மருந்தே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார். எல்லாம் பூச்சிதானே டாக்டர், எல்லாவற்றையும் சாகடிக்கிற மாதிரி ஒரே மாத்திரை இல்லையா? கொடுத்த மருந்தெல்லாம் போலியா? ஆடு மேய்க்க, விறகு ஒடிக்க என்று கருவேலங்காட்டுக்கும் வீட்டுக்கும் அலைகிறேன். எனக்கும் கொஞ்ச நாளாக ஒரே அசதி, நடந்தால் மூச்சு வாங்குகிறது.

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அவசரமான விஷயம். உங்கள் வீட்டுக்காரரை நாளைக் காலையிலேயே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இல்லாத நாளாக இருந்தாலும் சரி. இந்த மலேரியாவில் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். விட்ட நாளில் "சரியாகிவிட்டது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். விடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருந்து எதுவும் போலி இல்லை. மகள் சாப்பிட்டது, அவர் சாப்பிட்டது எல்லாமே தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் மூன்றிலும் பாதி வைத்தியம்தான் நடந்திருக்கிறது. இந்தக் கிருமிகளுக்கு ஒரு குணம் உண்டு. தொந்தரவு கொடுக்கிற இடம் ஒன்று, பதுங்குகிற இடம் வேறு. முதல் மருந்து தொந்தரவை அடக்கும். பதுங்கியிருப்பதை எடுக்க இரண்டாவது மருந்தோ, அதே மருந்தின் இரண்டாவது வேளையோ வேண்டும். தொந்தரவு நின்றதும் நாம் மாத்திரையை நிறுத்துகிறோம், பதுங்கியது வெளியே வருகிறது.

தமிழில் எல்லாவற்றையும் 'பூச்சி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மகளுக்கு இருப்பது புழு, கண்ணால் பார்க்கலாம். சீதபேதி அமீபாவால் என்றால், அது நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஒற்றைச் செல். மலேரியாக் கிருமியும் ஒற்றைச் செல்தான், ஆனால் அது நம் ரத்தச் சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருக்கும். சொந்தபந்தம் பார்த்தால் புழு நமக்குத்தான் கிட்டத்து உறவு, அமீபாவுக்கு இல்லை. புழுவைக் குறிவைத்துச் செய்த மருந்து மலேரியாவைத் தொடாது. 2015-இல் மருத்துவ நோபல் பரிசையே பாதி பாதியாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துக்கு வழிகண்ட கேம்பெல், ஒமுரா இருவருக்கும் ஒரு பாதி. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்ட சீனத்து அம்மையார் டூ யூயூவுக்கு மறு பாதி.

மகளிடமிருந்து தொடங்குகிறேன். ராத்திரியில் மட்டும் சொறிகிறாள் என்றால் அநேகமாகக் கீரிப்பூச்சி. மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் சிக்காது, நீங்களே பார்த்துவிடலாம். அவள் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, செல்போன் டார்ச்சை அடித்து ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைத் தையல் நூலை அரை அங்குலத்துக்கு வெட்டிப் போட்டதுபோல ஏதாவது நெளிந்தால் அதுதான். பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அந்த ஊறலில்தான் குழந்தை சொறிகிறாள். முட்டை நகக்கண்ணில் ஏறும், காலையில் அதே விரல் வாய்க்குப் போகும். பாய், தலையணை, அக்காள் தங்கை கை, எல்லாவற்றிலும் முட்டை இருக்கும். இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு கிடக்கும்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்தது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். புழுவின் உடம்புக்குள் சர்க்கரை ஏறவிடாமல் தடுத்துப் பட்டினி போட்டுக் கொல்லும் மருந்து. வளர்ந்த புழுவைக் கொன்றுவிடும், முட்டையை முழுதாக அழிக்காது. அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாத்திரை வேண்டும். மிச்சமிருந்த முட்டை பொரித்துப் புழுவாகி, அது மறுபடி முட்டையிடுவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதோடு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். சொறியாதவர்களும்தான். ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுவரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. சின்னப் பிள்ளைகள் மென்று தின்ன வேண்டும், அல்லது பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். அழுகிற பிள்ளை வாயில் முழு மாத்திரையைத் திணித்தால் புரையேறிவிடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதல் மூன்று மாதம் கூடாது, அதற்குப் பிறகும் டாக்டரைக் கேட்டுத்தான். வலிப்பு வந்த வரலாறு யாருக்காவது இருந்தால் மாத்திரைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்து, அது தெரியாமல் இந்த மருந்தைக் கொடுத்தால் வலிப்பு கிளம்பலாம்.

மாத்திரை சாப்பிட்ட மறுநாள் பாயைத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், எல்லோருக்கும் நகம் வெட்டுங்கள், மகளைக் காலையில் எழுந்ததும் குளிக்கவையுங்கள். இதையும் இரண்டாவது மாத்திரையையும் சேர்த்துச் செய்தால்தான் தீரும்.

உங்கள் மாமியார் இருந்தால், "மாத்திரை சாப்பிட்டும் ஒரு பூச்சிகூட விழவில்லையே" என்று கேட்டிருப்பார். எல்லா மாமியாரும் கேட்பார்கள். அந்தக் காலத்தில் கொடுத்த பைப்பரசின் சிரப் நாக்குப்பூச்சியைக் கொல்லாது, மரத்துப்போகச் செய்யும். முழுப் புழுவாக, சில சமயம் உயிரோடு, வெளியே வந்து விழும். பார்த்தவர்களுக்குத் திருப்தி. அல்பெண்டசோல் மெதுவாகக் கொல்வதால் சின்னப் புழுக்கள் குடலிலேயே கரைந்து மலத்தோடு போய்விடும். விழவில்லை என்பதற்காக விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. கருப்பட்டி தின்றால் பூச்சி வரும் என்பதும் இல்லை. பிள்ளை தின்னட்டும்.

பள்ளிக்கூடத்தில் பரிசோதனையே செய்யாமல் எல்லோருக்கும் கொடுக்கிறார்களே என்று சிலர் சங்கடப்படுகிறார்கள். 2015-இல் சில மாநிலங்களில் தொடங்கிய குடற்புழு நீக்க நாள் இப்போது பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று நாடு முழுக்க நடக்கிறது. ஒன்றிலிருந்து 19 வயதுவரை கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மலம் சோதிக்கிற செலவைவிட இந்த மாத்திரை மலிவு, பத்திரமானதும்கூட. நீங்கள் முன்னால் வீட்டில் ஒன்று கொடுத்திருந்தால்கூட, பள்ளியில் இன்னொன்று கொடுத்ததால் கெடுதல் வராது.

இதே அல்பெண்டசோல்தான் ஆட்டுக்கும். மாமனார் சொன்னதில் அவ்வளவுக்கு உண்மை இருக்கிறது. அந்த மருந்து முதலில் வந்ததே கால்நடைக்காகத்தான். ஆனால் ஆட்டுப் பாட்டிலின் அடர்த்தியும் அளவும் ஆட்டின் எடைக்குச் செய்தது. சில பாட்டில்களில் வேறு மருந்தும் கலந்திருக்கும். மூடியால் அளந்து பேத்திக்கு ஊற்ற அது சமாச்சாரம் இல்லை. சீதபேதிக்கும் மலேரியாவுக்கும் அதை ஊற்றுவது சுத்த வீண்.

சீதபேதி. மெடிக்கலில் கொடுத்தது மெட்ரோனிடசோலாக இருக்கும். வாயில் இரும்பு நாக்கில் பட்டதுபோல ஒரு ருசி வந்ததா என்று அவரைக் கேளுங்கள், வந்திருந்தால் அதுதான். சிறுநீர் கொஞ்சம் கறுத்துப் போவதும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ரத்தமும் சளியுமாகப் போனால் நம் ஊரில் மருந்துக்கடையிலேயே 'அமீபா' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பாக்டீரியாவால் வருவதுதான் அதிகம், அதற்கு மருந்து வேறு. அதனால் இந்த முறை மலத்தைச் சோதித்துவிடுங்கள். சுத்தமான, காய்ந்த டப்பாவில் பிடித்து அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் பார்த்தால் அமீபா கண்ணாடித் தகட்டில் நகர்வது தெரியும், ரத்தச் சிவப்பணுவை விழுங்கியிருப்பதும் தெரியும். காலையில் பிடித்ததை மத்தியான பஸ்ஸில் கொண்டு போனால் எதுவும் தெரியாது. ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே போய்ப் பிடித்துக் கொடுப்பது இன்னும் நல்லது.

அமீபா என்று உறுதியானால் அங்கேயும் இரண்டு பாதி இருக்கிறது. மெட்ரோனிடசோல் குடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய்விடும். குடல் சுவரைத் தின்கிற அமீபாவையும், ஈரலுக்குப் போன அமீபாவையும் அது கொல்லும். ஆனால் பெருங்குடலுக்குள்ளே தோட்டுக்குள் சுருண்டு முட்டைபோலக் கிடக்கிற வடிவத்துக்கு அது போதாது. அதை எடுக்க டைலாக்சனைடு ஃப்யூரோயேட் என்று குடலிலேயே தங்கி வேலை செய்கிற மருந்து உண்டு. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, 10 நாள். பேதி நின்ற பிறகு சாப்பிடுகிற மருந்து என்பதால் யாரும் சாப்பிடுவதில்லை. சாப்பிடாதவர் குடலில் அது கிடந்து அவருக்கே திரும்ப வரும், அவர் கையால் சோறு போட்டால் உங்களுக்கும் வரும்.

வெட்கப்படாமல் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடலிலிருந்து வந்த அசதிக்குக் குடிக்கிற பழக்கம் அவருக்கு உண்டா? மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாளிலும், முடிந்து மூன்று நாள் வரையிலும் மது கூடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துப் படுத்துவிடலாம். "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று பாதியில் நிறுத்தி வருகிறவர்களில் சிலர் கதை இதுதான்.

வலதுபக்க விலாவுக்குக் கீழே வலி, குனிந்தால் இருமினால் குத்தல், விடாத காய்ச்சல் என்றால் பேதி இல்லாவிட்டாலும் ஈரலில் அமீபாக் கட்டி என்று சந்தேகப்பட வேண்டும். பெண்களைவிட நடுவயது ஆண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம் வருகிறது. ஸ்கேனில் தெரிந்துவிடும். பெரும்பாலும் மாத்திரையிலேயே கரையும், பெரிய கட்டியை ஊசி போட்டு எடுப்பார்கள். எடுக்கும் சீழைப் பாடப்புத்தகத்தில் 'நெத்திலிச் சாறு' நிறம் என்று எழுதியிருக்கும். வெள்ளைக்காரர் எழுதியது. நம் கரையில் நெத்திலிக் குழம்பு தின்று வளர்ந்த மாணவர்கள் யாரும் அந்த உவமையைப் பார்த்து ஒன்றும் புரிந்துகொண்டதில்லை. காபி டிக்காஷன் நிறம் என்று சொன்னால் உடனே புரியும்.

இனி மலேரியா. நான் அதிகம் எழுத நினைத்தது இதைத்தான். 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள் என்பதிலிருந்தே அது வைவாக்ஸ் வகை என்று தெரிகிறது. ராமேஸ்வரம் தீவுக்கும் இந்தக் கரைக்கும் பழக்கமான விருந்தாளி. கொசு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குப் போகும். அங்கே கொஞ்சம் பெருகி ரத்தத்துக்கு வந்து காய்ச்சல் கொடுக்கும், மீதி ஈரலிலேயே தூங்கும். முதல் மூன்று நாள் கொடுக்கிற குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும். தூங்குவதை அது எழுப்பவும் செய்யாது, கொல்லவும் செய்யாது. அதற்குத்தான் 14 நாள் பிரிமாகுயின். நாலு நாளில் நிறுத்தினால் தூங்குகிறது சில வாரமோ சில மாதமோ கழித்து எழும். புதிதாக எந்தக் கொசுவும் கடித்திருக்க வேண்டியதில்லை.

நான் கடற்கரைச் சுகாதார நிலையத்தில் இருந்த ஆரம்ப காலத்தில் ஒருவர் ஒரே வருடத்தில் மூன்று முறை மலேரியாவோடு வந்தார். மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது என்று நான் பெரிதாக யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி கூரை ஓலையில் செருகி வைத்திருந்த மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். "அடுத்த காய்ச்சலுக்கு ஆகுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறேன் டாக்டர்" என்றார். ஒவ்வொன்றிலும் பத்து மாத்திரைக்குக் குறையாமல் மிச்சம். எண்ணிப் பார்த்து, என் பெரிய யோசனையை மடித்து வைத்துக்கொண்டேன். முதல் முறையே அட்டையைக் காட்டி எதற்கு 14 நாள் என்று நான் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அது என் தப்பு.

ஆகவே ரத்தத்தில் மறுபடி வைவாக்ஸ் என்று வந்தால், விட்ட இடத்திலிருந்து ஐந்தாம் நாள் மாத்திரையை எடுக்கக் கூடாது. குளோரோகுயின் மூன்று நாள், பிரிமாகுயின் 14 நாள் என்று முதலிலிருந்து. அரசு நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வேறு வகையான ஃபால்சிபாரம் என்று வந்தால் மருந்தே மாறும், ஆர்ட்டிசுனேட் சேர்ந்த கூட்டு மருந்து கொடுப்பார்கள். அதனால் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை வைத்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

பிரிமாகுயினைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் வயிற்றைப் பிசையும். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைக்கும். வசதி இருந்தால் முன்கூட்டியே சோதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தினமும் சிறுநீரைப் பார்க்கச் சொல்லுங்கள். கோலா நிறத்துக்கு மாறினாலோ, கண் மஞ்சளானாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இந்த மாத்திரை கிடையாது. ஒருவர் அட்டையை இன்னொருவருக்குக் கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்குகிறது, அப்போது 14 நாளும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அவர் சொல்லக்கூடும். அதுவரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் விடும்வரை கடலுக்கு வேண்டாம். அதற்குப் பிறகு போனால் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சோற்றுத் தூக்கோடு கட்டிக் கொடுங்கள். படகு முதலாளி சம்மாட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மனைவி சொல்வதை மறந்தாலும் சம்மாட்டி கேட்டால் மறக்க மாட்டார்.

வீட்டில் தண்ணீர்த் தொட்டி திறந்து கிடக்கிறதா? நம் பக்கத்தில் தண்ணீர் வந்த நாளில் பிடித்துச் சேமிக்காமல் பிழைக்க முடியாது, மலேரியாக் கொசுவுக்கும் அது தெரியும். சுத்தமான தொட்டித் தண்ணீரிலும் கிணற்றிலும் முட்டையிடும் வகை அது. பழைய வேட்டித் துணியைக் கட்டி மூடினால் போதும். குடிக்க ஊற்று தோண்டிச் சிரட்டையால் கோரி எடுக்கிற தண்ணீர் என்றால் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அமீபாவின் தோடு வழக்கமான குளோரினுக்குச் சாகாது, கொதிக்கிற தண்ணீரில் செத்துவிடும். நரம்புச்சிலந்தி என்று உங்கள் மாமனார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், காலில் கொப்புளம் விட்டு முழ நீளப் புழு வெளியே வரும். அதற்கு இன்றுவரை மருந்து கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டியும் படிக்கிணறுகளைப் பாதுகாத்துமே ஒழித்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல், ராஜஸ்தானில்.

கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. கருவேலங்காட்டுக்கு வெறுங்காலோடு போகிறீர்களா? ஊர் ஜனம் வெளிக்குப் போகிற இடமும் அதுவாக இருந்தால் கொக்கிப்புழுவுக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. அலை அடிக்கிற உப்பு மணல் அதற்கு ஆகாது. நிழலும் ஈரமும் உள்ள மணல்தான் ஆகும். கால்விரல் இடுக்கில் தோலைத் துளைத்து ஏறி, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய்க் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். இங்கே அதிகம் காணும் வகையில் ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 மில்லிதான் குடிக்கும், ஒரு சொட்டுக்கும் குறைவு. நூறு புழு இருந்தால் மாதத்துக்கு 90 மில்லி. வயிற்றுவலிகூட இல்லாமல் ஆள் வெளுத்துக்கொண்டே போவார்.

மகளோடு நீங்களும் அல்பெண்டசோல் சாப்பிடுவதால் புழு போய்விடும். ஆனால் போன ரத்தத்தை மாத்திரை திருப்பிக் கொடுக்காது. அங்கேயும் மறு பாதி இருக்கிறது, அது இரும்புச்சத்து மாத்திரை. ரத்த அளவு சரியான பிறகும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும், டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மலம் கறுத்துப் போகும், போகட்டும். மாதவிலக்கில் அதிகம் படுகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அசதிக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். காட்டுக்குப் போகும்போது ரப்பர் செருப்பாவது போட்டுக்கொள்ளுங்கள்.

நாளை அவர் ரத்தம் கொடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து விரலை நீட்டி ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். 8-க்குக் கீழே இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.